ஆப்பிரிக்க உறவைத் தேடும் டி.என்.ஏ.: வாசகர் கேள்வி – பதில்

1501 முதல் 1866 வரை அட்லாண்டிக் கடல் வழியாக அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்று டி.என்.ஏ. பரிசோதனை செய்து, கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுப்போன சொந்தங்களைத் தேடுகிறார்கள். இதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மரபணு வழி வம்சாவளித் தேடலில் பழகியவர்கள் இங்கே பதில் எழுதுகிறார்கள்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அட்லாண்டாவில் இருக்கும் என் தோழியின் பரிசோதனை முடிவில் 'நைஜீரியா 34%, கேமரூன் – காங்கோ 21%' என்று வந்திருக்கிறது. அவளுடைய பூர்வீகம் நைஜீரியா என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளக் கூடாது. நிறுவனம் தன்னிடம் உள்ள மாதிரித் தொகுப்போடு உங்கள் தோழியின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு அது. தொகுப்பில் புதிய மாதிரிகள் சேர்ந்தால் 34 என்பது அடுத்த வருடம் 22 ஆகலாம். அவர் உடம்பில் எதுவும் மாறியிருக்காது. நாட்டின் பெயரும் வெறும் அடையாளச் சீட்டுதான். இன்றைய எல்லைகளில் பெரும்பாலானவை 1884–85 பெர்லின் மாநாட்டை ஒட்டி வந்த காலனி ஆட்சிகள் போட்ட கோடுகள். யொருபா மக்கள் நைஜீரியாவிலும் இருக்கிறார்கள், பெனினிலும் இருக்கிறார்கள். ஏவே மக்கள் கானாவுக்கும் டோகோவுக்கும் பொது. கப்பல் புறப்பட்ட காலத்தில் 'நைஜீரியர்' என்று யாரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லுங்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் மூதாதையர் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் அல்லர். செனகல் முதல் அங்கோலா வரை பல துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே தோட்டத்தில் மணந்து பெற்ற பிள்ளைகளின் பிள்ளைகள் இவர்கள். 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அவர்களுடைய சராசரி ஆப்பிரிக்கப் பங்கு 73%, ஐரோப்பியப் பங்கு 24% என்று வந்தது. 50,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட 2020 ஆய்வு ஒன்று, கப்பல் ஆவணங்களை வைத்து எதிர்பார்த்ததைவிட நைஜீரியப் பங்கு அதிகமாக இருப்பதைக் கண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளுக்கு வந்தவர்களை அங்கிருந்து மறுபடி விற்று அமெரிக்கத் துறைமுகங்களுக்கு அனுப்பிய உள்வணிகமே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஆக, 'நைஜீரியா' என்ற சொல் பெரிதாகத் தெரிவதற்குப் பின்னால் இரண்டு கடற்பயணங்கள் இருக்கலாம்.

சதவீதத்தில் மனிதர்கள் கிடைக்க மாட்டார்கள். அவர்கள் இருப்பது அதே கணக்கின் இன்னொரு பக்கத்தில், டி.என்.ஏ. பொருத்தப் பட்டியலில், அதாவது அவரோடு டி.என்.ஏ. ஒத்துப்போகும் மற்றவர்களின் பட்டியலில். தோழியை அங்கே போகச் சொல்லுங்கள்.

லாகோஸிலிருந்து ஒரு பொறியாளர்: என்னோடு வேலை செய்யும் யொருபா நண்பருக்கு முன்பின் தெரியாத அமெரிக்கப் பெண்மணி ஒருவர், 'நமக்குள் 18 சென்டிமார்கன் பொதுவாக இருக்கிறது, நீங்கள் என் உறவினர்' என்று எழுதியிருக்கிறார். மோசடியோ என்று நண்பர் பயப்படுகிறார். பதில் எழுதலாமா?

எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வோம். அந்தப் பக்கத்தில் இருப்பவர் ஓர் ஆப்பிரிக்கப் பெயர் பட்டியலில் வராதா என்று வருடக்கணக்கில் காத்திருந்திருப்பார்.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளட்டும். வந்த செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், தான் பரிசோதனை செய்த நிறுவனத்தின் தளத்துக்கு நேராகப் போய்த் தன் பொருத்தப் பட்டியலைப் பார்க்கட்டும். அங்கே அந்தப் பெண்மணியின் பெயரும் 18 என்ற எண்ணும் இருந்தால், அது நிறுவனம் கணக்கிட்டது.

சென்டிமார்கன் என்பது இருவருக்கும் பொதுவான டி.என்.ஏ. துண்டுகளின் நீளத்துக்கான அளவு. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 இருக்கும். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளை முதல் கசின் என்று இத்துறையில் சொல்வார்கள். அவர்களுக்குள் சராசரி 850 சுமாருக்கு வரும். இரண்டாம் கசினுக்கு 230, மூன்றாம் கசினுக்கு 70 அளவில்.

இனி இவர்கள் இருவருக்கும் வருவோம். இன்று நாற்பது வயதில் இருப்பவருக்கு எட்டுத் தலைமுறை மேலே போனால் 1760 சுமாருக்கு வந்து சேர்வோம். அங்கே ஒரு தம்பதி. அவர்கள் ஆப்பிரிக்காவை விட்டு நகரவே இல்லை. பிள்ளைகளில் ஒன்றைப் பிடித்துக் கப்பலேற்றிவிட்டார்கள், இன்னொன்று ஊரிலேயே வளர்ந்தது. அந்த இரு பிள்ளைகளின் வழிவந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஏழாம் கசின். கணக்குப்படி ஏழாம் கசின்களுக்குள் சராசரியாக 1 சென்டிமார்கன்கூட வராது. ஆனால் டி.என்.ஏ. சீராகக் கரைந்து குறைவதில்லை. துண்டு துண்டாகக் கைமாறுகிறது. பெரும்பாலான ஏழாம் கசின்களுக்குள் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் யாரோ ஒருவரிடம் மட்டும் 10, 15 நீளமுள்ள முழுத் துண்டு தப்பிப் பிழைத்திருக்கும். உங்கள் நண்பர் அப்படிப்பட்ட ஒருவராக இருக்கலாம்.

18 என்பது ஒரே துண்டா, இரண்டு சிறு துண்டுகளின் கூட்டுத்தொகையா என்று பார்க்க வேண்டும். 15க்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் அநேகமாக உண்மை. 7, 8 அளவுத் துண்டுகளில் கணினி தவறாக ஒட்டவைத்தவை நிறைய. நிச்சயப்படுத்த எளிய வழி, நண்பரின் அப்பா, அம்மா இருவரையும் பரிசோதிப்பது. உண்மையான துண்டு இருவரில் ஒருவரிடம் கட்டாயம் இருந்தாக வேண்டும். இருவரிடமும் இல்லை என்றால் பொருத்தம் பொய். இருந்தால், உறவு தந்தை வழியா தாய் வழியா என்பதும் கையோடு தெரிந்துவிடும்.

லாகோஸ் என்பதால் இதையும் கேளுங்கள். நண்பரின் முன்னோரில் யாருக்காவது ட சில்வா, பெரெய்ரா போன்ற போர்ச்சுகீசியப் பெயர் உண்டா? பிரேசிலில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றுத் திரும்பிய குடும்பங்கள் லாகோஸில் பழைய குடும்பங்கள். சியரா லியோனிலிருந்து திரும்பியவர்களும் உண்டு. ஃப்ரீடவுனில் 1792இலேயே நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர் குடியேறினார்கள். 1820களில் அமெரிக்காவிலிருந்து லைபீரியாவுக்கு வந்தார்கள். இப்படிப்பட்ட குடும்பம் என்றால் பொது மூதாதையர் அமெரிக்கக் கண்டத்திலேயே வாழ்ந்தவராக இருக்கக்கூடும். உறவின் திசையே மாறிவிடும்.

பதிலில் எழுத வேண்டியவை: தாத்தா பாட்டிகள் நால்வரின் ஊர், பேசிய மொழி, குடும்பம் இடம்பெயர்ந்த கதை இருந்தால் அது. வீட்டு முகவரி, கடவுச்சீட்டு, வங்கி விவரம் எதுவும் வேண்டாம். எந்தப் பக்கத்திலிருந்து பணப் பேச்சு வந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஹூஸ்டனிலிருந்து ஒரு செவிலியர்: எங்கள் மருத்துவமனையில் என் மேலாளர் ஆப்பிரிக்க-அமெரிக்கர். குடும்பத்தோடு முறையாகத் தேடலைத் தொடங்க விரும்புகிறார். எங்கே ஆரம்பிப்பது, எந்த வரிசையில் செய்வது?

வீட்டிலேயே வயதில் மூத்தவரிடம் ஆரம்பிக்க வேண்டும். பாட்டியிடம் இருக்கும் ஓர் ஆப்பிரிக்கத் துண்டு மகளுக்கு வர வாய்ப்பு பாதி, பேத்திக்கு வர கால் பங்கு. பாட்டி இருக்கும்போது பேத்தி மட்டும் பரிசோதித்துக்கொள்வது, இருக்கிற ஆதாரத்தில் முக்கால் பங்கைக் கைவிடுவதற்குச் சமம். பாட்டியின் உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருவரிடம் பெற்றோரின் டி.என்.ஏ.வில் பாதி இருக்கும். இருவரைச் சேர்த்தால் சுமார் 75%, மூவரைச் சேர்த்தால் சுமார் 87% கையில் வரும். கையில் பணம் குறைவு என்றால் முதல் கிட் (எச்சில் மாதிரி எடுக்கும் பெட்டி) பாட்டிக்கு. பேரப்பிள்ளைகள் காத்திருக்கலாம்.

எச்சில் எடுப்பதற்கு 30 நிமிடம் முன்பிருந்து சாப்பாடு, தண்ணீர், காபி, புகை, சூயிங்கம் எதுவும் கூடாது. முதியவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும். கன்னத்தை வெளியிலிருந்து மெதுவாகத் தேய்த்துவிட்டால் ஊறும். குழாயில் போட்ட கோடு வரை எச்சில் நிற்க வேண்டும், நுரை கணக்கில் சேராது. மூடியைத் திருகும்போது அதிலுள்ள பாதுகாப்புத் திரவம் முழுவதும் இறங்கியதா என்று பார்த்துக் குலுக்க வேண்டும். மாதிரி நிராகரிக்கப்படுவதற்கு அளவு குறைவும் திரவம் கலக்காததும் வழக்கமான காரணங்கள். தபாலில் போடும் முன்பே கிட் எண்ணை இணையத்தில் பதிவு செய்யாவிட்டால் மாதிரி ஆய்வகத்தில் சும்மா கிடக்கும். எச்சில் துப்ப முடியாதவர்களுக்கு ஃபேமிலிட்ரீடிஎன்ஏ, மைஹெரிட்டேஜ் நிறுவனங்களின் கன்னம் தேய்க்கும் குச்சி வசதி.

எந்த நிறுவனம்? ஆன்செஸ்ட்ரியில்தான் ஆள் அதிகம், 2.5 கோடிக்கு மேல். அமெரிக்க உறவினர்களைப் பிடிக்க அது வேண்டும். ஆனால் பொதுவான துண்டு எந்தக் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. ஆப்பிரிக்க உறவை உறுதிசெய்ய அந்த இடம் தெரிவதுதான் உயிர்நாடி. எனவே ஆன்செஸ்ட்ரியில் பரிசோதித்து, மூலத் தரவுக் கோப்பைப் பதிவிறக்கி, ஜெட்மேட்ச், ஃபேமிலிட்ரீடிஎன்ஏ இரண்டிலும் ஏற்ற வேண்டும். அந்த இரண்டும் துண்டின் இடத்தைக் காட்டும்.

முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அந்த நேரத்தில் காகித வேலை. கறுப்பினத்தவர் அனைவரையும் பெயரோடு பதிந்த முதல் அமெரிக்கக் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டுடையது. 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அந்தச் சுவரைத் தாண்ட, விடுதலை பெற்ற அடிமைகளின் நலப் பணியகத்தின் 1865–72 ஆவணங்களும், அவர்களுக்கென நடந்த சேமிப்பு வங்கியின் 1865–74 பதிவேடுகளும் உதவும். வங்கிப் பதிவேட்டில் கணக்கு வைத்தவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பழைய உரிமையாளர், தோட்டம் என்று பலதும் எழுதியிருப்பார்கள். உரிமையாளரின் பெயர் தெரிந்துவிட்டால் அவருடைய உயில், சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரங்களில் மனிதர்களின் பெயர்களைத் தேட வேண்டும். படிக்க நெஞ்சம் தாங்காது. ஆனாலும் அங்கேதான் பெயர் இருக்கிறது.

இதோடு, அமெரிக்காவிலேயே கிடைக்கும் இரண்டாம், மூன்றாம், நான்காம் கசின்களைப் பாட்டி வழி, தாத்தா வழி என்று நாலு குழுவாகப் பிரித்து வைக்க வேண்டும். இது முடியாமல் ஆப்பிரிக்கப் பொருத்தத்தைத் தேடிப் பயனில்லை. கானாக்காரர் ஒருவர் கிடைத்தாலும் அவர் குடும்பத்தின் எந்தக் கிளைக்கு உறவு என்று சொல்ல முடியாது.

அப்புறம், பல்லாயிரம் பொருத்தங்களுக்குள் ஆப்பிரிக்கரைக் கண்டுபிடிப்பது. பெயர் நல்ல வலை. கானாவின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவார்கள்: வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, சனியில் பிறந்தவர் குவாமே. யொருபாப் பெயர்கள் அடே, ஓலு என்று தொடங்கும். ஒகாஃபோர், நுவோசு என்றால் இக்போ. டியாலோ, பா, பாரி என்றால் ஃபுலா. கெய்ட்டா, கமாரா என்றால் மாண்டே வழி. என்டியாய், டியோப் என்றால் செனகல் பக்கம். ஆனால் 1960களிலிருந்து பல அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஆப்பிரிக்கப் பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள். பெயர் மட்டும் போதாது. ஐரோப்பியப் பங்கு இல்லாமலிருப்பதும், உங்கள் மேலாளரோடு பொதுவான பொருத்தங்கள் மிகக் குறைவாக இருப்பதும் ஆப்பிரிக்காவில் வேர் உள்ளவர் என்பதற்கான அறிகுறிகள். இவர்களில் பலர் லண்டனிலோ டொராண்டோவிலோ வாழும் குடியேறிகளின் பிள்ளைகளாக இருப்பார்கள்.

கடைசியாக முக்கோணச் சரிபார்ப்பு. அந்த ஆப்பிரிக்கர், உங்கள் மேலாளர், மேலாளரின் உறுதியான ஒரு கசின் ஆகிய மூவரும் ஒரே குரோமோசோமில் ஒரே இடத்தில், ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போக வேண்டும். அப்போது அந்தத் துண்டு எந்தக் கிளை வழியாக வந்தது என்று தெரியும். 10 சென்டிமார்கனுக்குக் கீழ் உள்ள துண்டுகளைப் பெற்றோர் பரிசோதனையால் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. 6ஆம் குரோமோசோமில் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் குவிந்திருக்கும் பகுதியில் உறவே இல்லாதவர்களும் ஒத்துப்போவார்கள். அங்கே கிடைப்பதை ஒதுக்கி வையுங்கள்.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஓர் இக்போ பொருத்தம் கிடைத்ததும் 'நாங்கள் இக்போ' என்று குடும்பமே அறிவித்துவிடும். அந்த இக்போக்காரரின் பாட்டி வேறு இனத்தவராக இருந்து, துண்டு அவர் வழியாக வந்திருந்தால்? ஒரே துண்டில் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த, தமக்குள் நெருங்கிய உறவில்லாத பலர் வந்து விழும்வரை, 'இந்தக் கிளையில் ஓர் இக்போ உறவினர் இருக்கிறார்' என்று சொன்னால் போதும். அதுவே பெரிய செய்தி.

கோவையிலிருந்து ஓர் உயிரித் தொழில்நுட்ப மாணவர்: தாய்வழி டி.என்.ஏ.வை மட்டும் பார்த்து 'நீங்கள் மெண்டே இனம்' என்று இனப் பெயரையே சொல்லும் பரிசோதனைகள் இருக்கின்றனவே, நம்பலாமா?

ஆப்பிரிக்கன் ஆன்செஸ்ட்ரி என்ற நிறுவனம் 2003 முதல் அப்படிச் செய்துவருகிறது. தாய்வழிக்கு, தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.; தந்தைவழிக்கு, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோம். நேர்க்கோட்டில் ஒருவரை மட்டும் காட்டுவது இதன் வலிமையும் பலவீனமும். எட்டுத் தலைமுறை மேலே 256 மூதாதையர். அதில் ஒரே ஒரு பெண்மணியைப் பற்றித்தான் மைட்டோகாண்ட்ரியா பேசும். அந்த ஒருவரின் இனத்தையும் ஐயமறச் சொல்வது கடினம், ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியா வகைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையானவை. பல இனங்களுக்கும் பொது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தாய்வழி வரிசைகளில் பாதிக்கு மேல் பல ஆப்பிரிக்க இனங்களோடு ஒத்துப்போயின. 40%க்குத் தொகுப்பில் பொருத்தமே இல்லை. ஒரே ஓர் இனத்தோடு மட்டும் பொருந்தியவை 10%க்கும் குறைவு. எனவே 'மெண்டே' என்று வந்தால், 'மெண்டே மக்களிடமும் காணப்படுகிறது' என்று படிக்க வேண்டும்.

தந்தைவழியில் வேறொரு வலி உண்டு. அமெரிக்கக் கறுப்பின ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஒய் குரோமோசோம் ஐரோப்பிய வகையாக வரும். அடிமை முறையில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் எழுத்துச் சான்று அது. பரிசோதனைக்கு முன்பே இதைச் சொல்லி வைப்பது நல்லது.

அரிய ஒய் வகை வந்தால் மட்டும் கதை மாறும். தென் கரோலினாவில் அடிமையாக இருந்த ஒருவரின் வழிவந்தவர் பரிசோதித்தபோது, அதுவரை யாரும் பார்த்திராத, மனித இனத்தின் மிகப் பழைய தந்தைவழிக் கிளை ஒன்று வெளிப்பட்டது. 2013இல் அதற்கு ஏ00 என்று பெயர் வைத்தார்கள். அந்த வகை வேறெங்கே இருக்கிறது என்று தேடியபோது மேற்கு கேமரூனின் எம்போ மக்களிடம் கிடைத்தது. அப்படிப்பட்ட வகை என்றால் ஒரு வட்டாரத்தையே விரல் வைத்துக் காட்டலாம்.

வேலூரிலிருந்து ஒரு வாசகர்: பெயர் தெரியாத பழைய கல்லறைகளிலிருந்தும் உறவினரைக் கண்டுபிடித்தார்களாமே?

ஆம். மேரிலாண்டில் கட்டாக்டின் என்ற இரும்பு உலையில் உழைத்த கறுப்பினத்தவரின் கல்லறைகளிலிருந்து 27 பேரின் டி.என்.ஏ. எடுக்கப்பட்டது. அதை 23அண்ட்மீ என்ற பரிசோதனை நிறுவனத்தின் தரவோடு ஒப்பிட்டபோது, இன்று வாழ்பவர்களில் 41,799 பேர் ஏதோ ஒரு வகையில் உறவு என்று தெரிந்தது. 2023இல் வந்த முடிவு இது. செனகாம்பியாவின் (செனகல் – காம்பியா வட்டாரம்) வோலோஃப் மக்களோடும், மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களோடும் நெருக்கம் காணப்பட்டது. கல்லறையில் இருப்பவர் நமக்கு ஐந்தாறு தலைமுறை மூத்தவர். ஆப்பிரிக்க உறவுக்கு அந்த அளவுக்கு அருகில் இருப்பவர். அதனால்தான் இந்த வழி வலுவானது.

போர்ட் லூயியிலிருந்து ஓர் ஆசிரியை: அமெரிக்கக் கறுப்பினத் தோழி ஒருவருக்கு 'தென்கிழக்கு ஆசியா 2%' என்று வந்திருக்கிறது. ஆய்வகத் தவறா?

மொரீஷியசில் வாழும் உங்களுக்குப் பக்கத்துத் தீவுதான் விடை: மடகாஸ்கர். மலகாசி மக்களின் முன்னோரில் ஒரு பகுதியினர் போர்னியோ பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். 1719–21இல் மடகாஸ்கரிலிருந்து அடிமைக் கப்பல்கள் வர்ஜீனியாவுக்குப் போயின. அதற்கு முன்பே நியூயார்க்குக்கும் போயிருக்கின்றன. உங்கள் தோழியின் உடன்பிறந்தவர், பெரியப்பா பிள்ளைகள் ஆகியோருக்கும் அதே இடத்தில் அதே துண்டு இருந்தால் அது தற்செயலாக வந்த பிழை அல்ல, உண்மை. பொருத்தப் பட்டியலில் ரகோட்டோ, அந்திரியா என்று தொடங்கும் நீண்ட பெயர்களைத் தேடட்டும். தாய்வழிப் பரிசோதனையில் எம்23 என்ற வகை வந்தால் அநேகமாக மடகாஸ்கர் என்றே முடிவு செய்யலாம்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்: இந்த நிறுவனங்களிடம் டி.என்.ஏ.வைக் கொடுப்பது பாதுகாப்பா?

முழுப் பாதுகாப்பு என்று யாரும் சொல்ல முடியாது. 23அண்ட்மீயில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்து, அதை நிறுவியவரின் லாப நோக்கற்ற அமைப்புக்கே கைமாறியது. நிறுவனம் கைமாறும்போது உங்கள் தரவும் கைமாறும்.

மூலக் கோப்பை முதல் நாளே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மீதி எச்சிலை அழிக்கச் சொல்லும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஆய்வுக்குச் சம்மதம் என்ற பெட்டியைப் படிக்காமல் தொடாதீர்கள். முழுப் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் போதும், ஆனால் தாத்தா பாட்டி ஊரைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாத கணக்கால் யாருக்கும் பயனில்லை. ஜெட்மேட்சைக் காவல்துறை குற்ற விசாரணைக்குப் பயன்படுத்துகிறது. கோப்பு ஏற்றும்போதே அதற்குச் சம்மதமா இல்லையா என்று தெரிவு செய்யலாம். காவல்துறையால் அதிகம் துன்பப்பட்ட சமூகம் இது. பாட்டியின் கோப்பை ஏற்றுவதற்கு முன் இந்தக் கேள்வியைப் பாட்டியிடமே கேளுங்கள். தெரியாத அப்பா, தெரியாத அக்கா வெளிப்படலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

துபாயிலிருந்து ஒரு வாசகர்: டி.என்.ஏ. முடிவைக் காட்டினால் ஆப்பிரிக்க நாடுகள் குடியுரிமை தருமா?

சில தருகின்றன. சியரா லியோன் டி.என்.ஏ. சான்றை ஏற்றுக் குடியுரிமை வழங்கியிருக்கிறது. பெனின் 2024இல் சட்டம் இயற்றியது: 18 வயது நிரம்பி, வேறு ஆப்பிரிக்கக் குடியுரிமை இல்லாதவராக, அடிமை வணிகத்தில் கொண்டுபோகப்பட்டவரின் வழிவந்தவர் என்று காட்ட வேண்டும். டி.என்.ஏ. முடிவும் சான்றாக ஏற்கப்படும். முதலில் மூன்றாண்டுத் தற்காலிகச் சான்று தருவார்கள். அதற்குள் ஒருமுறையாவது பெனினுக்குப் போய்த் தங்க வேண்டும். கானாவின் 2000ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டம், புலம்பெயர்ந்த ஆப்பிரிக்க வழியினருக்குக் காலவரையின்றித் தங்கும் உரிமைக்கு வழி செய்கிறது. குடியுரிமைக்கு வம்சாவளியைக் காட்டினால் போதும். உறவினர் கிடைக்க வேண்டியதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி: என் பொருத்தப் பட்டியலில் கரீபியக் கறுப்பினப் பெண் ஒருவர் 24 சென்டிமார்கனோடு வந்திருக்கிறார். எப்படி?

அவர் குடும்பம் மார்ட்டினிக், குவாதலூப் பக்கமா என்று கேளுங்கள். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளரை மார்ட்டினிக்குக் கொண்டுபோனது. 1854 இறுதியில் குவாதலூப்புக்கும். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் தமிழர் ஏராளம். 1880கள் வரை குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மார்ட்டினிக்குக்குச் சுமார் 25,000 பேர். அவர்களுடைய பிள்ளைகள் பலர் ஆப்பிரிக்க வழியினரை மணந்தார்கள். ஆறேழு தலைமுறை என்பதால் காகிதத்தில் பிடிக்க வாய்ப்பு அதிகம். பிரான்சின் கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம் அந்தத் தீவுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது.

மகிழ்ச்சிக்கு முன் ஒரு சரிபார்ப்பு. நம் சமூகங்களில் நூற்றாண்டுகளாக உறவுக்குள் மணம் நடப்பதால், தூரத்து உறவினருக்குள்ளும் சிறு துண்டுகள் பல சேர்ந்து எண்ணைப் பெரிதாக்கும். 24 என்பது மூன்று எட்டுகளா, ஒரே 24ஆ என்று பாருங்கள். ஒரே துண்டு என்றால் பின்தொடரலாம். இன்னொரு தடை: பிரெஞ்சுச் சட்டப்படி வம்சாவளிக்காக டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்வது தண்டத்துக்குரியது, இந்தத் தீவுகளுக்கும் அது பொருந்தும். அதனால் அங்கே பரிசோதித்தவர்கள் குறைவு. அவர் மறுமொழி எழுதத் தயங்கினால் பொறுத்திருங்கள்.

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர்: என் மனைவி ஜமைக்கா வழியினர். அடுத்த கோடையில் கானா போகிறோம். ஐந்து கிட் எடுத்துப்போய் அங்குள்ள முதியவர்களுக்குப் பரிசோதனை செய்யலாம் என்று நினைக்கிறோம். யாரைத் தேர்ந்தெடுப்பது?

இந்தத் தேடலில் குறையாக இருப்பது ஆப்பிரிக்காவின் பக்கம்தான். அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பரிசோதித்தவர்கள் மிகச் சிலர். பல நிறுவனங்கள் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கிட் விற்பதே இல்லை. நீங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு கிட்டும் உங்கள் மனைவிக்கு மட்டுமல்லாமல் ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்படும்.

ஒரே குடும்பத்தில் ஐந்து பேரை எடுக்காதீர்கள். தமக்குள் உறவில்லாத ஐந்து முதியவர்கள் வேண்டும். கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளைச் சுற்றியே தேடவும் வேண்டாம். அவை கப்பலேறிய இடங்கள். பிடிபட்டவர்களில் பலர் உள்நாட்டிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். வடக்கே சலாகாவில் பெரிய அடிமைச் சந்தை இருந்தது. கடற்கரையில் இரண்டு, அசாந்தே பகுதியில் ஒன்று, வடக்கே இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவரிடமும் தாத்தா பாட்டி நால்வரின் ஊரையும் மொழியையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்கான் குடும்பம் என்றால் தாய்வழிக் குலமான அபுசுவாவின் பெயரும், குடும்ப வீட்டின் ஊரும் முக்கியம். அப்பா பெயர் பிள்ளைக்கு வருவது அங்கே கட்டாயமில்லை, ஆகவே குடும்பப் பெயரை நம்பி மரம் வரைய முடியாது.

கேட்கும் முறையில் கவனம் வேண்டும். கானாவுக்குள்ளேயும் அடிமைகள் இருந்தார்கள்; அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்று அதே குடும்பங்களுக்குள் கலந்திருக்கிறார்கள். ஒருவருடைய பூர்வீகத்தைப் பிறர் முன்னால் பேசக் கூடாது என்பது அசாந்தேயரின் பழைய கட்டுப்பாடு. எனவே தனியாகப் பேசுங்கள், டுவி போன்ற அவர்கள் மொழியில் விளக்கச் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். யார் பார்ப்பார்கள், என்ன வெளிப்படலாம், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்ற மூன்றையும் சொல்லாமல் மாதிரி எடுக்காதீர்கள். சம்மதத்துக்குப் பணம் கொடுப்பதும் சரியல்ல.

பாதுகாப்புத் திரவம் கலந்த எச்சில் சாதாரண வெப்பத்தில் தாங்கும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைக்காதீர்கள். உயிரியல் மாதிரியை நாட்டுக்கு வெளியே கொண்டுவருவதற்கான விதியைப் பயணத்துக்கு முன் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். ஐந்து கிட்டையும் புறப்படும் முன்பே பதிவு செய்து, எண்ணையும் அந்த முதியவரின் பெயரையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். கிட் மாறிப்போனால் சரிசெய்ய வழியே இல்லை. அவரவர் வீட்டில் வாட்ஸாப் வைத்திருக்கும் பேரன் அல்லது பேத்தியின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் முதலில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், முதியவருக்குப் பிறகு அந்தக் கணக்கு யார் பொறுப்பு என்பதையும் அவர்களே தீர்மானிக்க வேண்டும்.